எமிஷன் டெஸ்ட் பாஸான பழைய அல்டோவை நம்பி வாங்கலாமா?

கேள்வி இதுதான்: கல்முனையில் ஒரு 2015 மாருதி அல்டோ 800 விலைக்கு வந்திருக்கு. எமிஷன் சான்றிதழ் போன மாதம் எடுத்தது, வரி லைசன், இன்சூரன்ஸ் எல்லாம் ஓகே. லண்டனில் இருக்கிற அண்ணா "டெஸ்ட் பாஸ் என்றால் பயமில்லை, எடு" என்கிறார். எடுக்கலாமா?

அண்ணா சொல்றது அவர் இருக்கிற நாட்டுக்கு ஓரளவு சரி. இங்க இலங்கையில் தனியார் காருக்கு அங்க மாதிரி முழு வண்டியையும் பார்க்கிற டெஸ்டே இல்லை. பஸ், லொறிக்குத்தான் வருடாவருடம் தகுதிச் சான்றிதழ் வேணும். நம்மட காருக்குக் கேட்கிறது புகைப் பரிசோதனை மட்டும். அதுவும் 2008இல் தொடங்கினது காற்று மாசைக் குறைக்கத்தான், வாங்குறவனைக் காப்பாற்ற இல்லை.

அந்தப் பரிசோதனையில் நடக்கிறதைப் பார்த்திருப்பீங்க. பெற்றோல் வண்டி என்றால் சைலன்சருக்குள்ள ஒரு குழாயை விட்டு, ஐட்லிங்கில் ஒருக்கா, அக்சிலேட்டரை மிதிச்சு 2500 சுற்றில் ஒருக்கா, கார்பன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று அளப்பாங்க. வண்டி நின்ற இடத்தை விட்டு அசையாது. அதால பிரேக் பிடிக்குமா, ஸ்டியரிங் இழுக்குமா என்றது மெஷினுக்குத் தெரியவே வராது. மூச்சை மட்டும் மணந்து பார்த்திட்டு ஆள் சுகம் என்கிற மாதிரித்தான். பிளக்கும் எயார் ஃபில்டரும் மாற்றி, எஞ்சினை நல்லா சூடாக்கிக் கொண்டுபோனா எத்தனையோ வண்டி பாஸாகிடும். அது களவும் இல்லை. அந்த நேரம் புகை நல்லாத்தான் இருக்கும்.

அண்ணா சொல்ற எம்.ஓ.டி. வேற ரகம். பிரிட்டனில் கார் 3 வயதானதும் தொடங்கி வருடத்துக்கு ஒருமுறை பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டயர், லைட், சீற் பெல்ட், துரு, புகை எல்லாம் பார்ப்பாங்க. பாஸ் பண்ணினாலும் "இது தேய்ஞ்சு வருது, கவனி" என்று எழுதி விடுவாங்க. இதில எனக்குப் பிடிச்சது வேறொன்று. காரின் நம்பரை அரசாங்க இணையதளத்தில் அடிச்சா 2005இலிருந்து வந்த பெறுபேறுகள் காசில்லாமல் வரும். ஒவ்வொரு டெஸ்டிலும் மீட்டர் எவ்வளவு காட்டினது என்றதும் அதில இருக்கும். மீட்டரைக் குறைச்சா மாட்டிக்கொள்வான். ஆனா அந்த டெஸ்டிலும் எஞ்சின், கிளட்ச், கியர் பொக்ஸ் எந்த நிலையில் இருக்கு என்று பார்க்கிறதில்லை. ஆக, பாஸ் என்ற சொல்லை மட்டும் பிடிச்சு வாங்குறது அங்கேயும் அரைகுறைதான்.

இப்ப கல்முனைக் காருக்கு வருவம். நான் முதலில் பார்க்கச் சொல்றது எஞ்சினை இல்லை, துருவை. கல்லடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஒரு பக்கம் கடல். பல இடத்தில் மறுபக்கம் வாவி. உப்புக் காற்று காரை மேலேயிருந்து தின்னாது, அடியிலிருந்துதான் தின்னும். காத்தான்குடியில் நான் வண்டி காட்டுற மெக்கானிக் நானா ஒரு பழைய ஸ்க்ரூ ட்ரைவரின் பிடியைத்தான் இதுக்கு வைத்திருக்கிறார். வண்டியை ஹொயிஸ்டில் ஏற்றி, கதவுக்குக் கீழே ஓடுற பெட்டித் தகட்டில் முன்னிருந்து பின்னுக்கு டொக் டொக் என்று தட்டிக்கொண்டு போவார். நல்ல தகடு கணீரென்று கேட்கும். சத்தம் மந்தமாகிற இடத்தில் கையை நிறுத்தி, "தம்பி, இங்க புட்டி இருக்கு" என்பார், உக்கின இடத்தைப் பசை பூசி மறைச்சிருக்கு என்று அர்த்தம். ஜாக் வைக்கிற இடம், பின் சக்கரத்துக்கு மேலே ஷொக் பூட்டியிருக்கிற இடம், பிரேக் பைப் ஓடுற பாதை, இந்த மூன்றையும் டோர்ச் அடிச்சுப் பாருங்க. அடிப்பக்கம் முழுக்கப் புதுசாக் கறுப்பு அண்டர்கோட் அடிச்சிருந்தால் சந்தோஷப்படாதீங்க. விற்கிறதுக்கு முதல் வாரம் அடிச்சது துருவைத் தடுக்க இல்லை.

அம்பாறை டவுன் பக்கம் ஓடின கார் என்றால் இந்தத் துருக் கவலை குறைவு.

அடுத்தது வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் நம்மட பக்கம் எவ்வளவு தண்ணி நின்றது என்று சொல்லத் தேவையில்லை. முன் சீற் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. வழக்கமா வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்குதா பாருங்க. உள்ளே கழுவுறவங்க சீற்றைக் கழுவுவாங்க, அதை மறந்திடுவாங்க. சீற் தண்டவாளத்து ஸ்க்ரூ, ஸ்பெயார் டயர் குழி, கார்பெட்டுக்கு அடியில் இருக்கிற பஞ்சு, இதுகளையும் ஒருக்கா தொட்டுப் பாருங்க.

எஞ்சினில் ஒரு விஷயம். அல்டோ 800இன் 796 சிசி எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கு. எப்ப மாற்றினது என்று கேளுங்க. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைச்சுக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்க. அல்டோ கே10 என்றால் பெல்ட்டுக்குப் பதிலா செயின், இந்தக் கேள்வி வராது. ஜப்பானில் ஏலத்தில் எடுத்து வாற பழைய கார்களுக்குக் கேட்கிற மாதிரி ஏலத் தாள் கேட்டு நிற்காதீங்க. மாருதி இந்தியாவிலிருந்து புதுசா வந்த வண்டி, அப்படித் தாள் இருக்காது. ஏஜென்டிட்ட சர்விஸ் செய்த பதிவு இருந்தால் அதில மீட்டர் எண் இருக்கும். மீட்டரைச் சரிபார்க்க நமக்குக் கிடைக்கிறது அதுதான்.

ஓட்டிப் பார்க்கும்போது ஆள் இல்லாத நேராக் கிடக்கிற ரோட்டில் 40இல் போய், ஸ்டியரிங்கைத் தளர்வாப் பிடிச்சுக்கொண்டு பிரேக் அடிங்க. ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கமோ மற்றப் பக்கமோ பிரேக்கில் வேலை இருக்கு. ஹேண்ட் பிரேக் பார்க்க மட்டக்களப்பில் மேட்டுக்கு எங்க போறது! சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, முன்னால் யாரும் நிற்காமல் கிளட்சை மெதுவா விடுங்க. எஞ்சின் நின்றுபோனால் ஹேண்ட் பிரேக்கும் கிளட்சும் இரண்டும் பிடிக்குது. எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்க வண்டியும் அசையாவிட்டால் கிளட்ச் போச்சு.

டயர், புஷ், ஷொக், பிரேக் பேட் எல்லாம் பேரம் பேசுற சாமான், மாற்றலாம். அடித்தகடு உக்கினதோ வெள்ளத்தில் நின்றதோ என்றால் விலை எவ்வளவு குறைச்சாலும் நான் எடுக்க மாட்டேன். உங்கட கார் இதெல்லாம் தாண்டினால் சி.ஆர். புத்தகத்தை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை எடுங்க. சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் அடிச்சிருக்கிறதோடு பொருந்துதா என்று நீங்களே குனிஞ்சு பாருங்க. லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் அதில இருந்தால், அது நீங்கின பிறகுதான் முழுக் காசையும் கொடுங்க.