“பெரியவர்” முன்னால் சொன்ன வாக்குமூலம்: கனடாவில் இருக்கும் தம்பி மகனைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: தம்பி இறந்த பிறகு அவன் மகனை நான்தான் வளர்த்தேன். சிங்கப்பூரில் என்.எஸ். (தேசிய சேவை) முடித்துவிட்டுப் படிக்கப் போனவன் கனடாவிலேயே தங்கிவிட்டான். வான்கூவர் பக்கம் சர்ரேயில் வாடகை வீடு. சில வருடங்களுக்கு முன் அதே வீட்டில் குடியிருந்த ஒருவர் கொலையாகிவிட்டார். போலீஸ் இவனைச் சந்தேகப்பட்டாலும் கைது செய்யவில்லை. அந்தச் சந்தேகத்தாலேயே வேலை போனது, நண்பர்களும் விலகிவிட்டார்கள். அப்புறம் யாரோ ஒருவர் பழக்கமாகி கார் ஓட்டும் வேலை, பார்சல் கொண்டுபோகும் வேலை எல்லாம் வாங்கிக் கொடுத்தார். கையில் நல்ல பணம். கடைசியில் ஒரு ஹோட்டல் அறையில் “பெரியவர்” ஒருவர் முன் உட்கார வைத்து, “போலீஸ் உன்னை நெருங்கிவிட்டது, உண்மையைச் சொன்னால் நான் சரிசெய்கிறேன்” என்றாராம். முதலில் மறுத்தவன், பிறகு “நான்தான் செய்தேன்” என்று சொல்லிவிட்டான். அத்தனை பேரும் போலீஸ்! பயத்திலும் அந்த ஆளைத் திருப்திப்படுத்தவும்தான் அப்படிச் சொன்னேன் என்கிறான். இப்படி ஏமாற்றி வாங்கிய வாக்குமூலம் செல்லுமா? நம் ஊரில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தச் சமயத்தில் அவன் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளில் “பாஸ்”, “பணம்” என்றெல்லாம் இருக்கிறது. அழித்துவிடவா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம் அதிகம். அழிக்காதீர்கள். ஒரு வரியைக்கூட, ஒரு குரல் பதிவைக்கூட அழிக்காதீர்கள். வழக்கு இருப்பது தெரிந்தே சாட்சியத்தை அழிப்பது நீதியின் போக்கைத் தடுக்கும் குற்றமாகலாம். நம் சிங்கப்பூர்க் குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவில் அதற்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. அதைவிட முக்கியமான காரணம், நீங்கள் பயப்படும் அந்தச் செய்திகள் உங்கள் பிள்ளைக்கே உதவக்கூடும். எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் பிள்ளை சிக்கியது “மிஸ்டர் பிக்” என்று அங்கே எல்லோரும் அறிந்த உத்தியில். 1990களில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கனடாவின் மத்திய போலீசான ஆர்சிஎம்பி இதைப் பட்டை தீட்டியது. 2008 வரை 350 முறைக்கு மேல் பயன்படுத்தியிருக்கிறார்கள். கொலை நடந்திருக்கும், சந்தேகம் ஒருவர் மேல் இருக்கும், ஆதாரம் மட்டும் இருக்காது. அப்போது போலீஸ்காரர்களே ஒரு குற்றக் கும்பலாக வேஷம் கட்டி, சந்தேக நபரோடு பழகி, சின்னச் சின்ன வேலை கொடுத்து, சம்பளமும் சாப்பாடும் தோழமையும் தருவார்கள். இந்தக் கும்பலில் நேர்மைதான் முக்கியம், பொய் சொன்னால் இடமில்லை என்று திரும்பத் திரும்பக் காதில் ஓதுவார்கள். கடைசிக் காட்சிதான் தலைவருடன் நேர்காணல். அறையில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்.

“கைது செய்தால் மௌனமாக இருக்க உரிமை உண்டே, இவனுக்கு ஏன் இல்லை?” என்று கேட்பீர்கள். காவலில் இருப்பவரிடம் மாறுவேடப் போலீஸ் பேச்சுக் கொடுத்து வாயைக் கிளறக் கூடாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 1990இல் ஹீபெர்ட் வழக்கில் சொன்னது. ஆனால் அது காவலில் இருப்பவருக்கு. உங்கள் பிள்ளை அப்போது வெளியே சுதந்திரமாக இருந்தார், அதனால் அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. “ஏமாற்றிவிட்டார்கள்” என்ற வாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் கனடாவில் வழக்கு நகராது, இங்கே என்றாலும் நகராது. அந்த வாக்குமூலத்தை நம்பலாமா என்ற கேள்வியைத்தான் கெட்டியாகப் பிடிக்க வேண்டும்.

இதில் அங்குள்ள சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் சாதகம். 2014 ஜூலையில் வந்த ஹார்ட் வழக்குத் தீர்ப்புதான் காரணம். நியூஃபவுண்ட்லாந்தில் தன் மூன்று வயது இரட்டைப் பெண் குழந்தைகளை ஏரியில் தள்ளிக் கொன்றதாக ஒருவர் மேல் குற்றச்சாட்டு. வேலை இல்லாதவர், அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவர், மனைவியைத் தவிர துணை என்று யாரும் இல்லாதவர். போலீஸ் நான்கு மாதத்தில் 63 காட்சிகள் நடத்தியது. அவருக்குக் கொடுத்த பணம் மட்டும் 15,000 டாலருக்கு மேல், மொத்தச் செலவோ 4 லட்சத்தைத் தாண்டியது. அந்த மாறுவேடப் போலீஸ்காரர்களைச் சகோதரர்கள் என்றும், அவர்கள் மேல் அன்பு வைத்திருப்பதாகவும் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். “பெரியவர்” கேட்டபோது முதலில் தனக்கு வலிப்பு வந்துவிட்டது, அதனால்தான் அந்தச் சாவு என்றார். பொய் சொல்லாதே என்று அவர் அழுத்திய பிறகுதான் கொன்றதாகச் சொன்னார்.

எப்படிக் கொன்றார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. “பெரியவரிடம்” தோளால் இடித்துத் தள்ளியதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் நடித்துக் காட்டச் சொன்னபோது முழங்காலால் தள்ளினார். மூன்று வயதுக் குழந்தையின் உயரத்துக்கு வளர்ந்த ஆள் ஒருவரின் தோள் எட்டுமா என்ன! உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட முரண்களை எடுத்துக் காட்டியது. வாக்குமூலத்தை உறுதிப்படுத்தும் வேறு தடயமும் இல்லை. வாக்குமூலம் தள்ளுபடியானது, அரசுத் தரப்பு வழக்கையே கைவிட்டது.

அந்தத் தீர்ப்பு போட்ட விதிப்படி, கனடாவில் மிஸ்டர் பிக் வாக்குமூலம் எடுத்த எடுப்பிலேயே ஏற்கத்தகாதது. அதன் சாட்சிய மதிப்பு, அதனால் ஜூரியின் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவின்) மனதில் ஏற்படும் தப்பான தாக்கத்தைவிட அதிகம் என்று அரசுத் தரப்பு நிரூபித்தால்தான் உள்ளே வரும். இவன் ஒரு கும்பலில் சேர ஆசைப்பட்டவன் என்று தெரிந்த பிறகு ஜூரி அவனை எப்படிப் பார்க்கும்? நீதிபதி அதையும் எடை போட வேண்டும். இது தவிர, போலீஸ் மிரட்டியோ ஒருவரின் பலவீனத்தைச் சுரண்டியோ எல்லை மீறியிருந்தால் அதை அதிகாரத் துஷ்பிரயோகம் என்று தனியாக வாதாடலாம். அதை நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் உங்கள் பக்கம்.

ஆனால் இதே உத்தியில் கிடைத்த வாக்குமூலம் நின்ற வழக்குகளும் நிறைய. ஹார்ட் தீர்ப்பு வந்த அதே ஆண்டு மேக் என்ற அல்பர்ட்டா வழக்கில், குற்றவாளி காட்டிய இடத்தைத் தோண்டியபோது எரித்த உடலின் எச்சங்கள் கிடைத்தன. கூடவே கிடைத்த தோட்டாக் கூடுகள் அவர் வீட்டில் பிடிபட்ட துப்பாக்கியோடு பொருந்தின. அதற்கு மேல் எந்த வக்கீலால் என்ன பேச முடியும்? இன்னொரு பக்கம் மானிடோபாவின் கைல் அங்கர் வழக்கைப் பாருங்கள். கொலைச் சமயத்தில் கட்டப்படவே இல்லாத ஒரு பாலத்தைத் தன் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் 1992இல் தண்டனை. மரபணுச் சோதனைக்குப் பிறகு 2009இல்தான் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

ஆகவே உங்கள் பிள்ளையின் வக்கீல் அந்த ஒளிப்பதிவை வரிவரியாகப் பார்க்க வேண்டும். கொலைகாரனுக்கு மட்டுமே தெரியக்கூடிய ஏதாவது அதில் இருக்கிறதா? இருந்தால், அது போலீஸ்காரர்கள் பேச்சுவாக்கில் முன்பே சொன்னதா, பத்திரிகையில் வந்ததா? எந்த விவரம் தடயத்தோடு ஒட்டவில்லை? கடைசி நேர்காணல் மட்டும் போதாது. முதல் நாளிலிருந்து எல்லாக் காட்சிகளின் பதிவும் குறிப்பும் வேண்டும். கையில் உள்ளதை அரசுத் தரப்பு கொடுத்தாக வேண்டும் என்று 1991 ஸ்டின்ச்கோம் தீர்ப்பிலிருந்து அங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது.

உங்கள் வாட்ஸ்அப் இங்கேதான் வருகிறது. ஒருவர் எவ்வளவு தனிமையில் இருந்தார், எவ்வளவு பணத் தட்டுப்பாடு, அந்தக் கும்பலை எப்படி நம்பினார், இதையெல்லாம் நீதிபதி நம்பகத்தன்மையைப் பார்க்கும்போது கணக்கில் எடுப்பார். பிற்பாடு கூண்டில் ஏறி “நான் பயந்தேன்” என்று சொல்வதற்கும், அன்றைய தேதியில் “அத்தை, பாஸ் என்னைச் சொந்தத் தம்பி மாதிரி பார்க்கிறார், இந்த வேலை போனால் நான் எங்கே போவேன்” என்று அத்தைக்கு எழுதியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே புரியும். அதில் அவருக்குப் பாதகமான வரியும் இருக்கலாம். அதை எடை போடும் வேலை வக்கீலுடையது, உங்களுடையது அல்ல.

சரி, இதே நம் ஊரில் நடந்திருந்தால்? தமிழ்நாட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்து, போலீசிடம் சொன்னது நீதிமன்றத்தில் செல்லாது என்று நம்மவர்களில் பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அது இந்தியச் சட்டம். சிங்கப்பூரில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 258ஆம் பிரிவுப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் போலீசிடம் சொன்னாலும் வேறு யாரிடம் சொன்னாலும் பொதுவாகச் சாட்சியமாகும். அதிகாரத்தில் உள்ளவர் மிரட்டியோ ஆசை காட்டியோ வாக்குறுதி கொடுத்தோ வாங்கியிருந்தால்தான் நீதிமன்றம் தள்ள வேண்டும். அப்படி எதுவும் இல்லை, தானாகச் சொன்னதுதான் என்பதை அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ஆனால் அதே பிரிவின் விளக்கக் குறிப்பு, ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்தோ ஏமாற்றியோ வாங்கியது என்ற ஒரே காரணத்துக்காக வாக்குமூலம் செல்லாமல் போகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

அதுபோக, கும்பல் தலைவன் என்று நம்பிப் பேசிய ஆளை “அதிகாரத்தில் உள்ளவர்” என்று காட்டுவது எளிதல்ல. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2007இல் டோஃபிலாவ் வழக்கில் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் இப்படிப்பட்ட வாக்குமூலங்களை ஏற்றது. இங்கேயும் அந்த வாதம்தான் முதலில் எழும். சட்டவிரோதமாகவோ பொறி வைத்தோ திரட்டிய சாட்சியத்தை அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒதுக்க நம் நீதிமன்றத்துக்குத் தனி விருப்புரிமை கிடையாது என்பதும் 2007 ஃபில்லிஸ் டான் தீர்ப்பிலிருந்து நிலைத்த சட்டம்.

அதற்காகக் கதவு முழுக்கச் சாத்தியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சாட்சிய மதிப்பைவிடப் பாதகம் மேலோங்கினால் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஒதுக்கலாம். 2011 காடர் தீர்ப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2005இல் பூன் லே டிரைவில் நடந்த கொலை, சகோதரர்கள் இருவர் மேல் வழக்கு. அண்ணன் போலீசிடம் ஒப்புக்கொண்டிருந்தார், உயர் நீதிமன்றம் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது. வீட்டுக்குள் வந்தது ஒரே ஒரு ஆள் என்று இறந்தவரின் கணவர் முதலிலேயே போலீசிடம் சொல்லியிருந்தார். கணவரின் அந்த வாக்குமூலம் சகோதரர்களின் வக்கீல்களுக்கு நெடுநாள் கொடுக்கப்படவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் அண்ணனைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த வழக்கில் மாறுவேடம் எதுவும் இல்லை, வழக்கமான போலீஸ் விசாரணைதான். ஒப்புக்கொண்டதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று காட்ட நம் வக்கீல்கள் இதைத்தான் எடுப்பார்கள். இருந்தாலும் என் கணிப்பு, மிஸ்டர் பிக் வாக்குமூலத்தைத் தள்ள வைப்பது கனடாவைவிட இங்கே கடினம்.

உங்களுக்குத் தூக்கம் போயிருப்பதே தண்டனையை நினைத்துத்தான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. கனடாவில் மரண தண்டனை கிடையாது. முதல்நிலைக் கொலை நிரூபணமானால் ஆயுள் தண்டனை, 25 வருடம் கழித்துத்தான் பரோல் கேட்கலாம். அது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. தூக்குக் கயிறு இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் சிறையிலிருந்து போன் செய்தால் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள். அந்த அழைப்புகள் பதிவாகும், மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார்கள். “நிஜமாகவே நீ செய்தாயா?” என்று பாசத்தில் கேட்டுவிடாதீர்கள். அவர் சிங்கப்பூர்க் குடிமகன் என்பதால் நம் வெளியுறவு அமைச்சிடம் தகவல் சொல்லுங்கள். தூதரக அதிகாரி அவரைச் சந்திக்கலாம், நலம் விசாரிக்கலாம். வழக்கில் தலையிட மாட்டார்கள், அதை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

கனடா கேட்டுக்கொண்டால், பரஸ்பர உதவிச் சட்டத்தின் கீழ் இங்கேயே உங்களிடம் சாட்சியம் எடுக்க வாய்ப்புண்டு. அழைப்பு வந்தால் போவதற்கு முன் இங்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். கேட்டதற்கு உண்மையை மட்டும் சொல்லுங்கள், பிள்ளைக்கு உதவும் என்று நினைத்து எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்தக் கைப்பேசியைப் புதியதுக்கு மாற்றாமல், யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து, குரல் பதிவுகளோடு ஒரு பிரதி எடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். உங்கள் பிள்ளையின் வக்கீல் பெயரைக் கேட்டு, இங்குள்ள வக்கீல் மூலம் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். பிள்ளைக்கு நீங்கள் அனுப்பிய பணம், அவர் திருப்பி அனுப்பிய பணம் இரண்டுக்கும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த மாதத்தில் அவர் கையில் பணமே இல்லாமல் இருந்தது, எந்த மாதத்தில் திடீரென்று வந்தது என்பதை வக்கீல் அதில் பார்த்துக்கொள்வார்.