பத்து ரூபாயாக மாற்றிக் கொடு

கேள்வி: எனக்கு 31 வயது. ஐ.டி. வேலை, சனி ஞாயிறுகளில் நாடகக் குழு. ஒரே ஆள் நடிக்கும் நாடகம் ஒன்று எழுதுகிறேன். பர்மாதான் பாத்திரம். அந்தத் தேசத்தைப் பெண்ணாக்கி மேடையில் நிறுத்தி, அவள் வாயாலேயே அவள் கதையைச் சொல்ல வைக்கிறேன். உடம்பெல்லாம் தழும்பு. 1885, 1942, 1962, 1988, 2021 என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி அழுகிறாள். ஏழு தடவை திருத்தி எழுதிவிட்டேன். 'பாடப்புத்தகம் அழுவது மாதிரி இருக்கிறது' என்கிறார்கள் குழுவில். இத்தனைக்கும் எங்கள் குடும்பமே பர்மாவிலிருந்து வந்ததுதான். அப்பத்தா 1964-ல், பதினாறு வயதில் கப்பலேறி வந்தவர். வீட்டில் எழுத அமைதியும் கிடையாது. மாதம் பிறந்தால் அப்பா அவருக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுப்பார். ஐந்நூறாகக் கொடுத்தால் வாங்க மாட்டார், பத்து ரூபாயாக மாற்றிக் கொடு என்று ஒரே அடம். மாற்றிக் கொடுத்தால் அதை பர்மா பாஷையில் சத்தமாக நாலு தடவை எண்ணுவார். கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது. என் பாத்திரத்துக்கு உயிர் வர என்ன வழி? மேடையில் அவளுக்கு என்ன உடை போடலாம்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

தம்பி, 'பாத்திரத்துக்கு உயிர் வரவில்லை' என்று எனக்கு வருகிற கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. விடாமல் எழுதுங்கள், தானாக வந்துவிடும் என்று முதுகில் தட்டிக்கொடுப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். ஏழு தடவை எழுதியும் வராதது எட்டாவது தடவையும் வராது. எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பர்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் எதுவும் என்னை அசைக்கவில்லை. அப்பத்தாவைக் குறை சொல்ல எழுதினீர்களே ஒரு வரி, அதில் நின்றுவிட்டேன். பத்து ரூபாயாக மாற்றிக் கொடு.

வருஷங்களை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள், ஒரு வருஷத்தை விட்டுவிட்டீர்கள். 1964. உங்கள் குடும்பம் கப்பலேறிய வருஷமே உங்கள் பட்டியலில் இல்லை! அந்த வருஷம் மார்ச் மாதம், 1962-ல் ஆட்சியைப் பிடித்த நே வின்னின் ராணுவ அரசு ரங்கூனில் கடைகளைத் தேசியமயமாக்கியது. காலையில் முதலாளியாகக் கடை திறந்தவர் மாலையில் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அடுத்து மே 17. ஐம்பது கியாத், நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள் (நமக்கு ரூபாய் மாதிரி அவர்களுக்குக் கியாத்). சின்ன நோட்டுகள் தப்பித்தன. பெட்டியில் பெரிய நோட்டாக அடுக்கி வைத்திருந்தவர்கள் தாளை வைத்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் அப்பத்தாவுக்கு அப்போது பதினாறு வயது.

அவர் ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்க மறுப்பது இதனால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அவரை நான் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் முப்பத்தொரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள். ஒரு நாளாவது ஏன் என்று கேட்டீர்களா? அடம் என்று எழுதிவிட்டீர்கள். அறுபது வருஷம் கழித்தும் பெரிய நோட்டைத் தொடப் பயப்படுகிற ஒரு கை. அதைவிட உங்கள் மேடைக்கு வேறு என்ன வேண்டும்? 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி டிவியில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று சொன்னபோது, ஊரே பதறியதே, அன்றைக்கு உங்கள் வீட்டில் பதறாமல் உட்கார்ந்திருந்தது யார் என்று கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதையும் நீங்கள் போடவில்லை. 1964-ல் பதினாறு என்றால் அவர் பிறந்தது 48 வாக்கில். பர்மா சுதந்திரம் அடைந்தது 1948 ஜனவரி 4, அதிகாலை 4 மணி 20 நிமிடம். ஜோதிடர்கள் குறித்துக் கொடுத்த நேரம். அந்தத் தேசத்தின் தகப்பன் என்று சொல்லப்படுகிற ஆங் சான் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1947 ஜூலை 19 அன்று, ஆலோசனைக் கூட்டத்தில் வைத்தே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவருக்கு 32 வயது. அப்பன் செத்து ஆறு மாதம்கூட ஆகாமல் பிறந்த பிள்ளை அந்தத் தேசம். அதே வயதில் ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கற்பனை செய்கிறீர்கள்.

கோபமாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. எனக்கும் இதில் ஒரு உறுத்தல் உண்டு. என் மாமியார் ராத்திரி படுக்கும்போது செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். அழுக்கு என்று திட்டி எடுத்துப்போய் வாசலில் போடுவேன், காலையில் பார்த்தால் திரும்பவும் தலைமாட்டில் இருக்கும். எந்த ராத்திரியில் எங்கிருந்து வெறுங்காலோடு ஓடினார் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் புத்தி வந்தபோது கேட்க ஆள் இல்லை. சரி, அது என் பாடு.

தேசத்தை ஆளாக்குவது புதிய யோசனையும் இல்லை. 1905-ல், வங்காளத்தைக் கர்சன் இரண்டாக வெட்டிய நேரத்தில், அபனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை வரைந்தார். காவி உடுத்திய இளம்பெண், நான்கு கை. புத்தகம், நெற்கதிர், வெள்ளைத்துணி, ஜெபமாலை. எந்தக் கையிலும் காசு கிடையாது. பிரான்ஸின் மரியான் தலையில் சிவப்புக் குல்லாயோடு என்றைக்கும் இளமையாகவே இருக்கிறாள். அமெரிக்காவின் சாம் மாமா 1917 போஸ்டரில் விரலை நீட்டிப் பட்டாளத்துக்கு ஆள் கேட்கிறார். இவர்களில் யாருக்காவது மூட்டு வலிக்குமா? யாராவது மாதக் கடைசிக்குக் கணக்குப் பார்ப்பார்களா? கும்பிடவோ, உயிரைக் கொடுக்கச் சொல்லவோ செய்த படங்கள் இவை. எனக்கு ஒன்று பிடிப்பதே இல்லை. தேசத்தைத் தாய் என்று சொன்ன உடனே அவளுக்காகச் சாகிற பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. அவளுக்கு வயதானால் யார் சோறு போடுவது என்று எந்தக் கவிதையும் கேட்டதில்லை. உங்கள் நாடகத்திலும் அவள் அழுகிறாள், பார்க்கிறவன் உச்சுக்கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவான்.

அவள் அழ வேண்டாம். எண்ணட்டும்.

யோசித்துப் பாருங்கள், அந்தத் தேசத்துக்கு எண்ணுவதே எவ்வளவு பெரிய அவஸ்தையாக இருந்திருக்கிறது. 1964-ல் ஒரு தடவை. 1985-ல் திரும்பவும் பெரிய நோட்டுகள் செல்லாது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாத் நோட்டுகள் செல்லாது, இந்தத் தடவை மாற்றிக்கொள்ளக்கூட வழியில்லை. அதற்குப் பதிலாக வந்தவை எவை தெரியுமா? 45 கியாத், 90 கியாத். இரண்டும் ஒன்பதால் வகுபடும், நே வின்னுக்கு ஒன்பது ராசி என்று சொல்வார்கள். ஒரு கிழவி மார்க்கெட்டில் நின்று 45-ஐயும் 90-ஐயும் வைத்துக்கொண்டு சில்லறைக்குக் கணக்குப் போடுவதைக் கற்பனை செய்யுங்கள். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 8-ம் தேதி மாணவர்கள் தெருவுக்கு வந்ததற்குப் பின்னால் இந்த நோட்டும் இருக்கிறது. '8888' என்று தேதியையே பெயராக வைத்துவிட்டார்கள். அவளைச் சுற்றி எல்லாமே எண்ணாகத்தான் இருக்கிறது. நீங்கள் 1988 என்று ஒரு தழும்பை மட்டும் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள்.

காயத்தைக் காட்டினால் ஆள் வராது தம்பி. அடிபட்டவர் அப்புறம் அறுபது வருஷம் தினம் தினம் என்ன செய்கிறார், அதில்தான் ஆள் இருக்கிறார். 2021 பிப்ரவரி 1-ம் தேதி ராணுவம் திரும்பவும் ஆட்சியைப் பிடித்ததே, அடுத்த நாளிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு யாங்கூனில் (பழைய ரங்கூன்தான்) ஜன்னலோரம் நின்று சட்டி பானையைத் தட்டினார்கள். வீட்டைவிட்டுத் துஷ்ட ஆவிகளை விரட்டுகிற பழைய வழக்கம் அது. உங்கள் பட்டியலில் 2021 ஒரு வருஷம், அவ்வளவுதான். அவளுக்கு அது கையில் ஒரு கரண்டி.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் பர்மா ரொம்ப நல்லவள். எல்லோரும் அவளை அடிக்கிறார்கள், அவள் யாரையும் அடிக்கவில்லை. அப்படியானால் உங்கள் அப்பத்தாவைக் கப்பலில் ஏற்றியது யார்? அந்த வருஷங்களில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். துறைமுகத்தில் நகையைக் கழற்றி வாங்கிக்கொண்ட கதையைச் சொல்லாத பர்மா குடும்பம் உண்டா? அங்கேயே பிறந்த ஒரு சிறுமியைப் பார்த்து 'நீ கலா, போ' (இந்தியர்களை இளக்காரமாக அழைக்கிற சொல்) என்று சொன்னதும் நீங்கள் தாய் என்று எழுதுகிற அதே ஆள்தான். அங்கே வாழும் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களுக்குக் குடியுரிமை இல்லாமல் செய்த 1982 சட்டமும், 2017-ல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடியதும் அவள் கதையில்தான் வரும். பட்ட அடிக்காக அவளை மன்னித்துவிட நமக்கு அதிகாரம் கிடையாது.

அதே மூச்சில் அவள் தரப்பையும் கேளுங்கள். மூன்று போர் நடத்தி அவளைப் பிடித்த வெள்ளைக்காரன், 1885-ல் மன்னர் தீபாவை ரத்னகிரிக்கு நாடு கடத்திவிட்டு, அவளை இந்தியாவோடு ஒரு மாகாணமாகச் சேர்த்துவிட்டான். 1937 வரை அவளுக்குத் தனி முகவரி கிடையாது. அவளுடைய தலைநகரம் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். நெல் விலை விழுந்த 1930களில் கடனுக்கு ஈடாக நிலம் கை மாறி, அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. மூட்டை தூக்கப் போன கூலிக்கும் அந்த நிலத்துக்கும் சம்பந்தமில்லைதான். கோபம் வந்தபோது அவள் ஆள் பார்த்துப் பிரிக்கவில்லை. 1930-லும் 1938-லும் இந்தியர்களுக்கு எதிரான கலவரத்தில் வெட்டுப்பட்டவர்களில் பலர் கையில் ஒரு காணி நிலம்கூட இருந்திருக்காது. அவள் மேடையில் நின்று உங்களைப் பார்த்து, 'உன் தாத்தா வீட்டுக் கணக்கு நோட்டில் என் பெயர் எந்தப் பக்கம்?' என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்கிறதா? அந்தக் கேள்வியை எழுதத் துணிந்தால் உங்கள் குழுவில் ஒருவரும் பாடப்புத்தகம் என்று சொல்ல மாட்டார்கள்.

இதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடுத்த மாதம் பணத்தை அப்பா கையில் விடாதீர்கள். நீங்களே வங்கிக்குப் போய் வரிசையில் நின்று பத்து ரூபாய்த் தாளாக வாங்கி வாருங்கள். புதுக் கட்டு வேண்டாம், ஒட்டிக்கொண்டு எண்ண வராது. தரையில் உட்கார்ந்து அவர் கையில் கொடுங்கள். தித், நித், தோன், லே, ஙா என்று ஆரம்பிப்பார். நாலு தடவை எண்ணினால் நாலு தடவையும் உட்கார்ந்திருங்கள். போனை எடுத்துப் பதிவு செய்தீர்களானால் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், எடுக்கக் கூடாது. நாடகத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டால் அன்றோடு வாயை மூடிக்கொள்வார். நாடகத்துக்காகக் கேட்கவும் வேண்டாம். பேரன் கேட்க வேண்டியது அது, நாடகம் என்று ஒன்று இல்லாவிட்டாலும் கேட்டிருக்க வேண்டியது. ஒன்றும் சொல்லாமல் பணத்தை முடிந்து வைத்துவிட்டு எழுந்து போனாலும் அடுத்த மாதம் திரும்பப் போய் உட்காருங்கள்.

உடை என்ன என்று கேட்டிருந்தீர்கள். பெண்கள் கட்டுகிற லுங்கிக்கு அங்கே தமெய்ன் என்று பெயர். கடையில் வாங்கலாம், ஆனால் இடுப்பில் மடித்துச் செருகுகிற விதத்தை யூடியூபில் பார்த்துக் கட்டினால் தெரிந்துவிடும். பக்கத்து அறையில் கேளுங்கள். கப்பலில் ஏறும்போது எதைக் கட்டியிருந்தீர்கள் அப்பத்தா என்றும் கேளுங்கள், சேலையா, தமெய்னா என்று. அவர் எதைச் சொல்கிறாரோ அதைப் போடுங்கள்.