ஓக் மரச் சட்டங்களுக்கு வெள்ளையடிக்கக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரின் புறநகரில் 14 மாதங்களுக்கு முன் வீடு வாங்கினோம். 1993-இல் கட்டிய வீடு. கதவு நிலைகள், ஜன்னல் சட்டங்கள், சுவரடிப் பட்டைகள், படிக்கட்டுக் கைப்பிடி, சமையலறை அலமாரிகள் எல்லாமே ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் ஓக் மரம். உள்ளே நுழைந்தாலே பழைய வீட்டுக்குள் வந்த உணர்வு. சமையலறையைத் தவிர மற்ற சட்டங்களுக்கும் கதவுகளுக்கும் வெள்ளை பெயின்ட் அடிக்க ஒரு கான்ட்ராக்டர் 11,400 டாலர் கேட்கிறார். 18 மாதம் வட்டியில்லை என்று ஒரு கடையின் கிரெடிட் கார்டு கிடைக்கிறது. இல்லாவிட்டால் கணவரின் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து கடன் எடுக்கலாம். சேமிப்பு 38,000 டாலர். வீட்டுத் தவணையும் சேர்த்து மாதச் செலவு 5,200 டாலர். கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறார், எனக்கு வேலை இல்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மட்டும் 2006-இல் மாற்றியதாக ஆய்வறிக்கையில் இருந்தது. என்ன செய்யலாம்?

பதில்: ஃபர்னஸைப் பற்றிக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கேஸ் ஃபர்னஸ் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்கும். உங்களுடையது அந்த வயதை எட்டிவிட்டது. ஒஹாயோவின் ஜனவரி இரவொன்றில் அது நின்றுபோனால் அறைகள் குளிர்வதோடு விஷயம் முடியாது. சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கலாம். அந்த நேரத்தில் பேரம் பேச யாருக்கும் மனம் வராது, கேட்ட விலையைக் கொடுத்துவிடுவோம். புதியது பொருத்த 5,000 முதல் 8,000 டாலர் வரை ஒதுக்கி வையுங்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஆறு மாதச் செலவு 31,200 டாலர். சேமிப்பில் அதைக் கழித்தால் மிஞ்சுவது 6,800. அவ்வளவுதான் உங்கள் உண்மையான பட்ஜெட். ஆறு மாதம் என்பது அதிகமாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் வீட்டில் ஒற்றைச் சம்பளம். எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால் நாட்டில் தங்கி மாற்று வழி தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். அதற்குள் புதிய வேலை அமையாவிட்டால் வழக்கறிஞர் கட்டணம், விமான டிக்கெட், விற்காமல் நிற்கும் வீட்டுக்கு மாதத் தவணை என்று எல்லாம் ஒன்றாக வந்து சேரும். கடன் வாங்க மூன்று வழி கைவசம் வைத்திருந்த குடும்பங்கள்கூட அந்த 60 நாளில் ரொக்கம் இல்லாமல் திணறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இந்த 31,200-ஐத் தொட வேண்டாம் என்று உங்களிடம் கெஞ்சியே கேட்பேன்.

401(கே) கடன் பார்வைக்கு நல்லதாகத் தெரியும். கணவருக்கு முழு உரிமையான தொகையில் பாதி, அல்லது 50,000 டாலர், இதில் எது குறைவோ அதுவரை எடுக்கலாம். வழக்கமாக ஐந்து ஆண்டுகளில் அடைக்க வேண்டும், வட்டியும் அவர் கணக்குக்கே போகும். சிக்கல் வேலை போகும்போதுதான். பெரும்பாலும், மீதிக் கடனை அந்த ஆண்டுக்கான வரித் தாக்கலின் கடைசித் தேதிக்குள் ஈடுகட்டாவிட்டால் அது வருமானமாகக் கருதப்படும். வயது 59½-ஐ எட்டாதவருக்குப் பொதுவாக வருமான வரியோடு 10 சதவீத அபராத வரியும் சேரும். வேலை, விசா, கடன் மூன்றும் ஒரே நாளில் நெருக்கும்படி நாமே முடிச்சுப் போட்டுக்கொள்வானேன்?

கடை கார்டில் ‘வட்டியில்லை’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சின்ன எழுத்தில், ‘18 மாதத்துக்குள் முழுவதும் கட்டினால்’ என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வட்டி தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, தள்ளுபடி ஆகவில்லை. மாதம் 500 டாலர் என்று 18 மாதம் தவறாமல் கட்டினாலும் 9,000-தான் அடையும். 2,400 பாக்கி நிற்கும். இத்தகைய கார்டுகளில் 30 சதவீதத்தை ஒட்டிய வட்டி சாதாரணம். அந்த வட்டியை முதல் நாளிலிருந்து கணக்கிட்டு 3,000 டாலருக்கு மேல் உங்கள் தலையில் ஏற்றுவார்கள். 2,400 பாக்கிக்கு 3,000 வட்டி! வேண்டவே வேண்டாம்.

இனி மரத்துக்கு வருகிறேன். உங்களை உறுத்தும் அந்த ஆரஞ்சில் பெரும்பங்கு மரத்துடையதே அல்ல. 1980-களிலும் 90-களிலும் கட்டிய அமெரிக்க வீடுகளில் சிவப்பு ஓக்கின் மேல் தேன்நிறச் சாயமும் எண்ணெய் சார்ந்த வார்னிஷும் பூசுவது வழக்கம். அந்த வார்னிஷ் ஆண்டுகள் ஏற ஏற மஞ்சளாகிக்கொண்டே போகும். ஓர் அலமாரிக் கதவைக் கழற்றி, உட்புறச் சட்டத்தில் தீப்பெட்டி அளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். நடுப்பலகை வெனீராக, அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடாக இருக்கலாம், அதைத் தொட வேண்டாம். உள்ளே தெரியும் வெளிர் பழுப்பு உங்களுக்கு வியப்பாக இருக்கும். புதிய வீடுகளில் வெளிர் ஓக் தரையையும் அலமாரியையும் இன்று மக்கள் ஆசையோடு, கூடுதல் விலை கொடுத்துப் போடுகிறார்கள்.

சிவப்பு ஓக்கின் நார்களுக்கிடையே திறந்த நுண்குழல்கள் ஓடுகின்றன. சின்னத் துண்டை வெட்டி ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும். அதனால்தான் நேராக வெள்ளையடித்தால் கோடுகோடாகப் பள்ளம் தெரியும். போதாக்குறைக்கு மரத்திலுள்ள டானின் என்ற கறைப்பொருள் கசிந்து வெள்ளையின் மேல் தேநீர்க் கறை போலப் படரும். ஷெல்லாக் என்கிற அரக்கு பிரைமரும் (அடிப்பூச்சு), பள்ளங்களை நிரப்பும் பூச்சும் இருந்தால்தான் வேலை நிற்கும். 11,400 டாலர் மதிப்பீட்டில் இந்த இரண்டும் எழுதியிருக்கிறதா? எங்கள் வீட்டில் படிக்கட்டுக் கைப்பிடிக்கு மட்டும் வெள்ளையடித்தோம். ஓராண்டுக்குள் கைபடும் இடம் சாம்பலாகி, வளைவில் உரிந்தது. பழையபடி மரமாக்க, நுண்குழலில் இறங்கிய பெயின்ட்டை ஊசியால் நோண்டி எடுக்க வேண்டியிருந்தது. திரும்ப முடியாத செலவு என்றால் எனக்கு அந்தக் கைப்பிடிதான் நினைவுக்கு வரும்.

ஆகவே சட்டங்களை விட்டுவிட்டு அவற்றைச் சுற்றி இருப்பதை மாற்றுங்கள். முதலில் சுவர். மஞ்சள் சாயல் கொண்ட சுவர் ஓக்கின் ஆரஞ்சைத் தூக்கிக் காட்டும். சாம்பல் கலந்த இளம்பச்சையோ மென்மையான வெள்ளையோ அதை அடக்கும். மாதிரி பெயின்ட்டைக் கதவு நிலையை ஒட்டிப் பூசி, காலையிலும் இரவு விளக்கிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரு கேலன் 350 முதல் 400 சதுர அடிக்கு வரும். கூடமும் சாப்பாட்டறையும் சேர்ந்து 1,200 சதுர அடிச் சுவர் என்றால் இரண்டு பூச்சுக்கு ஏழு கேலன். நீங்களே அடித்தால் உருளை, தூரிகை உட்பட 500 டாலருக்குள் முடியும். பல்புகளை 3000 முதல் 3500 கெல்வினுக்கு மாற்றுங்கள் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு இது). 2700-இன் மஞ்சள் ஒளியில் ஓக் இன்னும் சிவக்கும். பளபளக்கும் பழைய பித்தளை விளக்குகள் இருந்தால் அவற்றை மாற்றவும் சேர்த்து 450 டாலர் வையுங்கள்.

சமையலறைக் கைப்பிடிகளை வாங்கும் முன் பழைய கைப்பிடியின் இரண்டு திருகாணித் துளைகளுக்கு இடையே அளந்துகொள்ளுங்கள். அக்கால அலமாரிகளில் பெரும்பாலும் மூன்று அங்குலம் இருக்கும். அதே அளவில் வாங்கினால் புதுத் துளை போட வேண்டாம், 150 டாலரில் முடியும். அதற்கு முன் அடுப்புக்கு மேலுள்ள கதவுகளைத் துடையுங்கள். நாம் தினமும் தாளிக்கிறோம். அந்த எண்ணெய்ப் படலத்தில் மஞ்சளும் தூசியும் ஒட்டி மரத்தை மேலும் கருக்கச் செய்யும். பாத்திர சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீர், மென்துணி, பிறகு உலர்ந்த துணி. ஓர் ஞாயிற்றுக்கிழமை செலவாகும், பணம் செலவாகாது.

ஆக மொத்தம் 1,100 டாலர். மீதி 5,700-ஐ வேறு சேமிப்புக் கணக்கில் போட்டு ஃபர்னஸ் என்று பெயர் வையுங்கள். 1993 வீடு என்பதால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வாட்டர் ஹீட்டரின் பக்கத்தில் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் இருந்து, அதில் ‘பிபி2110’ என்று அச்சாகியிருந்தால் அது பாலிபியூட்டிலின். 1995 வரை போட்ட, விரிசல் விடும் வகை. அப்படியென்றால் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள், அது ஓக்கை விட அவசரம்.

ஃபர்னஸ் மாற்றும்போது ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும் நாளில் அது வாங்கிய விலையோடு சேர்த்துக் கணக்கிடத்தக்க மேம்பாடு. வெறும் பெயின்ட் செலவு அப்படிச் சேராது. கணவரும் நீங்களும் கூட்டாகத் தாக்கல் செய்து, ஐந்தாண்டில் இரண்டாண்டு அங்கே குடியிருந்திருந்தால் பொதுவாக 5,00,000 டாலர் வரையிலான லாபத்துக்கு வரி கிடையாது. அதனால் இது உங்களுக்குப் பெரிய விஷயமாகாமலும் போகலாம், ரசீது வைப்பதில் நட்டமில்லை.

ஃபர்னஸுக்கு மூன்று இடங்களில் மதிப்பீடு வாங்குங்கள், செப்டம்பருக்குள். முதல் குளிர் இறங்கிய பிறகு ஆட்கள் கிடைப்பது கடினம். அது முடிந்து, அடுத்த வசந்தத்திலும் அந்தச் சட்டங்கள் உங்கள் கண்ணை உறுத்தினால் எழுதுங்கள். அப்போது ஒரே ஓர் அறையில் தொடங்கலாமா என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.