ஆனைமங்கலத்து எல்லையைச் சுற்றிய பிடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சோழ அரசு தஞ்சையிலிருந்து இயங்கிய வலுவான மைய அரசு என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியும், சடங்களவில் மட்டும் மன்னனை ஏற்றுக்கொண்ட ‘நாடு’ எனும் சிறு வட்டாரங்களின் தொகுப்பு என்று இன்னொரு வரலாற்றாசிரியர் பர்டன் ஸ்டெய்னும் சொல்வதைப் படித்துக் குழம்பியிருக்கிறேன். அக்காலத்துச் சீனாவோடும் ஐரோப்பாவோடும் ஒப்பிட்டால் சோழ அரசை எதில் சேர்ப்பீர்கள்? அதிகாரம் பரவியிருந்ததால்தான் ஊர்ச்சபைகளில் மக்களாட்சி நிலவியது என்பது சரிதானா?

— மன்னார்குடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மையத்தின் அதிகாரம் கூடினால் ஊரின் அதிகாரம் குறைந்தே தீரும் என்ற கணக்கு உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. காவிரிக் கழிமுகத்து ஆவணங்கள் அந்தக் கணக்குக்கு ஒத்துவருவதில்லை.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை வழங்கிய செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னன் வாயால் சொன்னதை ஓலை எழுதுபவன் எழுதுகிறான்; அவனுக்கு மேலான ஓலைநாயகங்கள் ஒப்புதல் தருகிறார்கள்; நிலவரித் துறையான புரவுவரித் திணைக்களத்தார் வரிப்புத்தகத்தில் ஏற்றுகிறார்கள். ஊரின் நிலம் 97 வேலிக்குச் சற்று மேல் (வேலி நில அளவு). காணிக்கடன் என்ற நிலவரி 8,943 கலம் நெல்லோடு நிற்காமல் தூணி, குறுணி, நாழி என்ற சிறிய அளவுகள் வரைக்கும் இறங்குகிறது. இதுவரை நடப்பது அசல் தலைநகர் ஆட்சி. அடுத்து ஓலை, அந்த ஊர் அடங்கிய பட்டனக்கூற்றத்தின் நாட்டாரிடம், அதாவது வட்டாரத்து நிலவுரிமையாளர் அவையிடம், போகிறது. அவர்கள் எதிர்கொண்டு வணங்கி, தலைமேல் வைத்து, பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, தானத்தை உறுதிசெய்யும் அறவோலை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். ஊர் தரவேண்டிய நெல்லைத் தஞ்சை நாழிக்கணக்காக அறிந்திருந்தது. எந்த வரப்போடு ஊர் முடிகிறது என்பதை நாட்டாரே நடந்து காட்ட வேண்டியிருந்தது. (இன்றும் மேட்டூர் அணை திறக்கும் நாள் சென்னையில் முடிவாகிறது, எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் என்பது மதகடியில் பேசித்தான் முடிகிறது.)

அக்காலத்துச் சோங் வம்சச் சீனா இதிலிருந்து உண்மையிலேயே வேறுபட்டது. அங்கே தேர்வெழுதித் தேறியவர் அதிகாரியாகி, சொந்த ஊரில் பணியாற்றக் கூடாது என்ற விதியோடு, உறவும் நிலமும் இல்லாத மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டார். சோழநாட்டில் நாட்டாரின் தகுதியே அந்த மண்ணில் அவர்களுக்கிருந்த காணி என்ற பரம்பரை நில உரிமைதான். மறுகோடியில் பிரான்சு: இராசராசன் பட்டமேறிய 985க்கு இரண்டாண்டு கழித்து அரசரான ஹியூ கேப்பேயின் நேரடிப் பிடி, பெரும்பாலும் பாரிசுக்கும் ஓர்லியானுக்கும் இடைப்பட்ட நிலத்தோடு நின்றது. தன் பிரபு ஒருவரின் கிராமம் எவ்வளவு விளைகிறது என்று எழுதிவாங்கும் நிலையில் அவர் இல்லை.

சோழ அரசுக்கு நெருக்கமாக எனக்குத் தோன்றுவது இங்கிலாந்து. 1086இல் முதலாம் வில்லியம் தன் நாட்டின் பெரும்பகுதியில் நிலக்கணக்கு எடுத்தார். முதலாம் குலோத்துங்கனின் நில அளவையும் அதே ஆண்டைச் சேர்ந்தது என்பது வெறும் தற்செயல்தான் என்றாலும் சுவையானது. வில்லியத்தின் ஆணையர்கள் அந்தந்த வட்டாரத்து ஆட்களைச் சத்தியம் செய்யவைத்தே விவரங்களை வாங்கினார்கள். இரண்டு இடங்களிலும் அரசன் கேட்டான், உள்ளூரார் சொன்னார்கள். கேட்கும் வலிமை பெருகப் பெருக, சொல்பவர்களின் அவசியமும் பெருகியது. ஸ்டெய்னின் வாதம் எல்லைப்புறங்களுக்குப் பொருந்தலாம். புரவுவரித் திணைக்களத்தின் கை இத்தனை ஆழமாகப் பதிந்த கழிமுகத்துக்கு அது பொருந்துவதாக நான் நினைக்கவில்லை.

மக்களாட்சி என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. எல்லோரும் எடுத்துக்காட்டும் 919, 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்துப் பிரமதேயம் (பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர்) ஒன்றைச் சேர்ந்தவை. குடத்திலிட்ட ஓலைச்சீட்டால் சபையின் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் இட, வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். நிலத்தகுதியில் சிறு தளர்வு, கூடுதலாக ஓதியவருக்கு மட்டும். கழிமுகத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ஊர்களின் விளைநிலத்தைக் கணக்கிடும் முன் ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறையர் வாழ்ந்த பறைச்சேரியையும் கம்மாளர் வாழ்ந்த கம்மாணசேரியையும் கழிக்கிறது. அந்தச் சேரிகளில் குடியிருந்தவர்கள் அந்தக் கணக்கில் இடம்பெறுவது இறையிலி, அதாவது வரியில்லா மனையாக மட்டுமே.