கழிவுநீர்த் தொட்டியில் இறங்கும் முன்: கேள்வி பதில்

சாயப்பட்டறைகளிலும் தோல் ஆலைகளிலும் உள்ள கழிவுநீர்த் தொட்டிகளைச் சுத்தம் செய்வது பற்றிய கேள்விகளுக்கு, ஆலைப் பாதுகாப்பு அலுவலராகப் பணிபுரியும் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (திருப்பூர், மேற்பார்வையாளர்): எங்கள் தொட்டி பல மாதங்களாகக் காலியாக உள்ளது. அடியில் ஒரு சாண் கசடு மட்டுமே இருக்கிறது, நாற்றமும் இல்லை. அதிலும் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. சாயமேற்றப் பயன்படும் உப்புகளால் கழிவுநீரில் சல்பேட் மிகுந்திருக்கும். மேற்பரப்பு காய்ந்திருந்தாலும், காற்றுப் புகாத அடிக்கசட்டில் நுண்ணுயிரிகள் அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மண்வெட்டியால் கசட்டைக் கிளறும்வரை அந்த வாயு உள்ளேயே அடைபட்டிருக்கும். மூடியைத் திறந்தபோது சரியாக இருந்த காற்று, வேலை தொடங்கிய சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிப்பதாக மாறுவது இதனால்தான். மூக்கை நம்பாதீர்கள். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் இந்த வாயு, பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆகவே, வீசிக்கொண்டிருந்த நாற்றம் திடீரென நின்றால் உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

கேள்வி (வாணியம்பாடி): எரியும் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே உள்ளது. அது போதாதா?

பதில்: தயவுசெய்து அதை இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே மீத்தேன் இருந்தால் தொட்டியே வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா என்பதை விளக்கு காட்டவும் செய்யாது. நான்கு வாயுக்களை அளக்கும் கருவியின் குழாயை மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் இறக்கிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டக் கூடாது. இறங்குபவரின் சட்டையிலும் ஒரு கருவி வேலை முடியும்வரை இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்துப்பூர்வமாகச் சான்றளித்த பிறகே, அல்லது சுவாசக் கருவியும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றுடன் கூடிய பெல்ட்டும் அணிந்தே இறங்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவிலேயே இடம்பெற்றது.

கேள்வி: ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே திறந்துவிடலாமா?

பதில்: கூடாது. ஆக்சிஜன் மிகுந்தால் சிறு பொறியிலும் உடுத்திய துணி பற்றிக்கொள்ளும். காற்றை ஊதும் புளோயரின் குழாயை அடிவரை இறக்கி வெளிக்காற்றைச் செலுத்துங்கள்; ஜெனரேட்டர் புகை அதில் கலக்காத இடத்தில் புளோயரை வையுங்கள்.

கேள்வி: முகக்கவசம் அணிந்தால்?

பதில்: தூசுக்கான முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. உள்ளே ஆக்சிஜன் குறைந்திருந்தால், வடிகட்டி பொருத்திய எந்தக் கவசமும் அதைத் தராது.

கேள்வி (தொழிலாளி): கூட வந்தவன் கண்ணெதிரே விழுந்தால் எப்படி ஐயா பார்த்துக்கொண்டு நிற்பது?

பதில்: உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் இத்தகைய விபத்துகளில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இறப்பவர்கள், காப்பாற்றக் குதித்தவர்களே. உள்ளே இறங்குபவர் ஹார்னஸ் எனும் உடற்பட்டை அணிந்து, அதன் கயிறு தொட்டியின் மேலே நிறுத்திய முக்காலிச் சட்டத்தில் உள்ள, கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் சுழற்றியில் இணைக்கப்பட்டிருந்தால், நீங்கள் இறங்காமலே அவரை வெளியே இழுத்துவிடலாம். அது இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். விழுந்தபின், புளோயரை நிறுத்தாமல் 112-ஐ அழைத்து, சுவாசக் கருவியுடன் வரும் தீயணைப்பு வீரர்களுக்காகக் காத்திருப்பதே வழி.

கேள்வி (சிறு பட்டறை உரிமையாளர்): இத்தனை கருவிகளை வாங்க எங்களால் இயலாது. என்ன செய்வது?

பதில்: ஆளை இறக்காமல் முடிக்க வழி தேடுங்கள். உண்மையில் எந்தப் பட்டறையும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வெளியே நின்றபடி உயரழுத்த நீரைப் பீய்ச்சிக் கசட்டைக் கரைத்து, உறிஞ்சு லாரியால் எடுத்துவிடலாம். புதிதாகத் தொட்டி கட்டுவோர், கசடு ஒரு மூலையில் சேரும்படி அடித்தளத்தைச் சரிவாக அமைத்து, அங்கிருந்து பம்புக் குழாயை மேலே கொண்டுவரச் சொல்லுங்கள்.