நினைவாற்றலை இழந்த ஒருவரால் புதிய திறனைக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும், ஏனெனில் நினைவு என்பது மூளையில் ஒரே இடத்தில் பூட்டி வைக்கப்பட்ட பெட்டகம் அன்று. அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953-இல், கடும் வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதற்காக, மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸ் என்னும் உட்பகுதியில் ஒரு பெரும் பங்கு அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் சந்தித்தவர்களையும் நடந்தவற்றையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை.

உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தின் விளிம்பையொட்டிக் கோடு வரையும் பயிற்சியை அவருக்கு மூன்று நாள்கள் அளித்தார். முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாத நிலையிலும், மொலைசனின் பிழைகள் நாளுக்கு நாள் குறைந்தன; எனக்கு மிகுந்த வியப்பளிப்பது இதுவே. நிகழ்ச்சிகளைப் பதிய ஹிப்போகாம்பஸ் இன்றியமையாதது. கைப்பழக்கமோ பெரும்பாலும் சிறுமூளை முதலிய பிற பகுதிகளைச் சார்ந்தது.