தம்பியின் மண்டையோட்டுக்கு அச்சிட்ட தகடு: நம்பி வைக்கலாமா?

காரைக்குடி நண்பருக்கு,

பைக் விபத்துக்குப் பின் தம்பிக்கு அறுவையில் எடுத்த மண்டை எலும்பில் தொற்று வந்துவிட்டது, அது இனி உதவாது, முப்பரிமாண அச்சில் செய்த டைட்டானியத் தகடுதான் என்கிறார் டாக்டர், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நம்பலாம். 1 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய அடுக்குகளாக சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். நல்ல பக்கத்து எலும்பைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பள்ளத்தில் பொருத்தி, அந்த வடிவத்திலேயே தகட்டை அச்சிடுவார்கள். ஓரம் ஒட்டி உட்காரும். சிறு திருகுகள் போதும். நெற்றி மேடுகூட பழையபடி தெரியும்.

செலவு அதிகம்தான். முப்பரிமாண அச்சில் செய்த வார்ப்பு அச்சுக்குள் எலும்பு சிமெண்ட் (கெட்டியாக இறுகும் ஒருவகைப் பிளாஸ்டிக்) வார்த்துச் செய்யும் தகடு மலிவு; அது தம்பிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். முதல்வர் காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள்.

தொற்று முழுதாக ஆறும் முன் மட்டும் அவசரப்படுத்தாதீர்கள், புதுத் தகட்டிலும் தொற்றிக்கொள்ளும். தகடு வைக்கும்வரை எலும்பு இல்லாத பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது. நம் செட்டிநாட்டு வீடுகளில் நிலைப்படி உயரம், வளவில் (உள்முற்றத்தில்) கல்தூண் வேறு. வீட்டுக்குள்ளும் தலைக்கவசம் போட்டே நடக்கட்டும்.